நந்தி மலையடிவாரத்தில் ஒரு குடும்பத் தோட்டம் ஒயினரி ஆனது எப்படி? கம்பத்தில் அது நடக்குமா?

வைகைக்கரை (கேள்வி)

நந்தி மலையடிவாரத்தில் இருக்கும் குரோவர் குடும்பத்தின் திராட்சைத் தோட்டம் பற்றித் தேடினால் எல்லா இடத்திலும் ஒரே கதைதான் கிடைக்கிறது: 1988-ல் நட்டார்கள், 1992-ல் முதல் ஒயின் வந்தது, கனவு நிறைவேறியது. நடுவில் என்ன நடந்தது என்று யாரும் எழுதுவதில்லை. எனக்கு வேண்டியது அந்த நடுப்பகுதி.

மூன்று கேள்விகள். பெங்களூரைச் சுற்றி ஏற்கெனவே திராட்சை விளைந்துகொண்டிருந்தபோது பிரான்ஸிலிருந்து ரகங்களைக் கொண்டுவந்து சோதிக்க வேண்டிய தேவை என்ன? நட்ட பிறகும் நான்கு ஆண்டு எதற்கு? கடைசியாக, கம்பம் பக்கம் ஐந்து ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல் வைத்திருக்கும் உறவுக்காரக் குடும்பம் ஒன்று இதே வழியில் போக நினைக்கிறது. தோட்டத்தில் எதை மாற்றினால் சரிவரும், எதை மாற்றவே முடியாது?

டாஸ்மாக் அரசியலுக்கு வேறு இழை இருக்கிறது. இங்கே கொடி, கவாத்து (கொடியை வெட்டிவிடுவது), தொட்டி, அளவு இவற்றைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கவாத்துக்கத்தி

கன்வல் குரோவர் இறக்குமதித் தொழிலில் இருந்தவர், தொழில் நிமித்தம் பிரான்ஸ் போய்வந்தவர். 1980-களில் அவருக்குத் துணைக்கு வந்தவர் ஜார்ஜ் வெஸெல். ஷாம்பெயின் பகுதியில் பூஸி என்ற ஊர்க்காரர், மும் என்ற ஷாம்பெயின் தயாரிப்பு நிறுவனத்தில் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்தவர். 35 பிரெஞ்சு ரகங்களை நட்டுப் பார்த்து 9 ரகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு பெங்களூருக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில், நந்தி அடிவாரத்துத் தொட்டபள்ளாபுராவில், 40 ஏக்கரில் தொடங்கினார்கள். மகன் கபில் சேர்ந்தார். 1990-களின் நடுவில் போர்டோ பகுதியைச் சேர்ந்த மிஷேல் ரோலான் ஒயின் ஆலோசகராக வந்தார். இது பெயர்ப்பட்டியல். வேலை நடந்தது கவாத்தில்.

ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கொடி தானாக இலை உதிர்த்து உறங்கும். 13 டிகிரி அட்சரேகையில் அந்த உறக்கம் கிடையாது. விட்டால் ஒரே கொடியில் பூ, காய், பழம் மூன்றும் ஒரே நாளில் நிற்கும். அந்தக் குலையிலிருந்து யாரும் ஒயின் எடுக்க முடியாது. அதனால் தக்காணத்தில் கொடிக்கு ஆண்டுக்கு இரண்டு கவாத்து, ஓர் அறுவடை. ஏப்ரலில் ஒரு கணு விட்டு முழுக்க வெட்டுவது முதல் கவாத்து. இதில் வரும் கிளையில் பழம் எடுப்பதில்லை. அந்தக் கிளையின் மொட்டுக்குள்தான் அடுத்த குலை உருவாகிறது, அதுவும் கவாத்துக்குப் பிறகு 45 முதல் 60 நாளுக்குள். அந்த நாட்களில் தொடர்ந்து மேகமூட்டம் இருந்தாலோ, யூரியாவும் தண்ணீரும் அதிகமானாலோ மொட்டு குலைக்குப் பதில் பற்றுக்கம்பியாகப் போய்விடும். செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது கவாத்து. அதிலிருந்து ஏறத்தாழ ஐந்து மாதத்தில், பிப்ரவரி, மார்ச்சில், அறுவடை.

இப்போது நான்கு ஆண்டு எப்படிக் கரைகிறது பாருங்கள். வேர்ச்செடி (வேருக்காக மட்டும் நடும் வேறு ரகக் கொடி) நடுவது பிப்ரவரி, மார்ச். அதன் மேல் ஒயின் ரகத்தை ஒட்டுக் கட்டுவது ஆகஸ்ட், செப்டம்பர். அடுத்த ஆண்டு முழுவதும் தண்டையும் கைக்கொடியையும் கம்பியில் படர விடும் வேலை. கணிசமான பழம் மூன்றாம் ஆண்டில். சிவப்பு ஒயினை ஓர் ஆண்டு முதிர விட்டால் பாட்டில் கையில் வருவது ஐந்தாம் ஆண்டில். 1988-ல் நட்டு 1992-ல் விற்பனை என்பது தாமதமே இல்லை, கொடியின் இயல்பான வேகம்.

ரகச் சோதனையில் பார்ப்பது மகசூலை அல்ல. சர்க்கரை 22 முதல் 24 பிரிக்ஸுக்கு (100 கிராம் சாற்றில் எத்தனை கிராம் சர்க்கரை என்ற அளவு) ஏறும்போது அமிலம் லிட்டருக்கு 6 கிராமுக்குக் கீழே இறங்காமல் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. வெயில் ஊரில் பெரும்பாலான ரகங்கள் இங்கேதான் விழும். சர்க்கரை வரும்போது அமிலம் போயிருக்கும், பி.எச். (கூடக்கூடப் புளிப்பு குறைவு) 3.8-ஐத் தாண்டியிருக்கும். நந்தி அடிவாரத்தின் 900 மீட்டர் உயரம் இதற்குத்தான் உதவுகிறது. ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும். கம்பம் ஏறத்தாழ 400 மீட்டர் என்று வைத்தால் நந்தி அடிவாரம் அதைவிட 3 டிகிரி குளிர்ச்சி. சொல்லக் கேட்டால் சின்ன எண். இரவு வெப்பநிலையில் அது அமிலத்தைக் காப்பாற்றும் எண்.

பெங்களூரைச் சுற்றி ஏற்கெனவே விளைந்த திராட்சை பற்றிக் கேட்டீர்கள். அது பெங்களூர் ப்ளூ, லாப்ரஸ்கா என்ற அமெரிக்கத் திராட்சை இனத்தின் வழியில் வந்த ரகம். ஜூஸுக்கும் ஜாமுக்கும், போர்ட் என்ற பெயரில் விற்கும் இனிப்பு ஒயினுக்கும் பொருந்தும். மெத்தில் ஆந்த்ரனிலேட் என்ற சேர்மம் தரும் அந்த அழுத்தமான வாசனையை உலர் சிவப்பு ஒயினிலிருந்து எடுக்க வழி இல்லை. கேபர்னே, ஷிராஸ் போன்ற பிரெஞ்சு ரகச் சிவப்பு ஒயின் குடித்துப் பழகியவர் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

கம்பத்துக்கு வந்தால்: தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையில் பன்னீருக்கு 3 x 2 மீட்டர் இடைவெளி, எக்டேருக்கு ஆண்டுக்கு 30 டன். ஏக்கருக்கு 12 டன். இந்தியாவில் தரமான ஒயின் திராட்சைக்கு 4 முதல் 6 டன்தான் விடுவார்கள். பந்தலைப் பிரித்து, 8 x 4 அடியில் செங்குத்துக் கம்பிவேலி அமைத்தால் ஏக்கருக்கு 1,361 கொடி, கொடிக்கு நாலு கிலோவுக்குள். மாற்றம் என்று பார்த்தால் அதுதான்.


செவ்வல்மண்

கவாத்துக்கத்தி சொன்னதில் ஓர் எண்ணை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். எக்டேருக்கு 30 டன் என்பது ஆண்டுக் கணக்கு. கம்பத்தில் டிசம்பர், ஜனவரி கவாத்துக்கு ஏப்ரல், மே அறுப்பு. மே, ஜூன் கவாத்துக்கு ஆகஸ்ட், செப்டம்பர் அறுப்பு. பலர் இரண்டு ஆண்டில் ஐந்து அறுப்பு எடுக்கிறார்கள். ஆகவே ஓர் அறுப்புக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ 5 முதல் 6 டன். ஒயின் தோட்டத்துச் சுமையிலிருந்து அது அவ்வளவு தூரமில்லை.

பந்தலையும் குற்றம் சொல்ல வேண்டாம். இத்தாலியில் வல்போலிசெல்லா பகுதியில் இன்றும் பந்தல் உண்டு, அர்ஜென்டினாவிலும் உண்டு. ஏப்ரல் வெயிலில் செங்குத்து வேலியின் மேற்குப் பக்கக் குலை வெந்து சுருங்கும். பந்தலின் கீழ் தொங்கும் குலைக்கு அந்தத் தொல்லை இல்லை. கல்தூணும் கம்பியும் போட்டு முடித்த பந்தலைப் பிரிப்பது வீண் செலவு.

கம்பத்தில் உண்மையில் தடையாக இருப்பவை இரண்டு. ஒன்று, கொடிக்கு ஓய்வே கிடையாது. ஓர் அறுப்பு முடிந்த சில வாரத்தில் அடுத்த கவாத்து. தண்டிலும் வேரிலும் மாவுச்சத்துச் சேர்வதற்கு முன்பே மீண்டும் பழச்சுமை. சர்க்கரை ஏறாததற்குப் பாதிக் காரணம் இது. இரண்டு, அறுக்கும் நாள். சந்தைக்கு நிறம் வந்தால் போதும். ஒயினுக்கு அதே குலை இன்னும் இரண்டு மூன்று வாரம் கொடியில் நிற்க வேண்டும். பன்னீர் தோல் மெல்லியது. ஒரு கோடை மழை வந்தால் வெடிக்கும், குளவி வரும், அழுகும்.

ஆக, பந்தலை வைத்துக்கொண்டே ஒரு ஏக்கரை மட்டும் ஆண்டுக்கு ஓர் அறுப்புக்கு மாற்றலாம். கோடை அறுப்பை வைத்துக்கொண்டு மழைக்கால அறுப்பை விடுங்கள்: மே, ஜூன் கவாத்தில் வரும் பூங்கொத்துகளை எல்லாம் கிள்ளிவிட்டு இலையை மட்டும் வளர விடுங்கள். கோடை அறுப்பில் ஒரு கிளைக்கு ஒரு குலை. குலைக்கு எதிரே இருக்கும் இலைகளை இரண்டு மூன்று எடுத்துக் காற்று நுழைய விடுங்கள், அதற்கு மேல் எடுக்க வேண்டாம்.

புதிதாக கேபர்னே, ஷிராஸ் நடுவதானால் வேர்ச்செடி பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் வேர்ச்செடி தேவைப்படுவது பெரும்பாலும் உப்பு நீர், வறட்சி, நூற்புழுவுக்காக. டாக்ரிட்ஜ் என்ற வேர்ச்செடி எல்லாரும் பயன்படுத்துவது, ஆனால் அது மேலே ஒட்டிய கொடியை மிக வேகமாக வளர்க்கும். வளமான வண்டல் மண்ணில் டாக்ரிட்ஜ் வைத்தால் கொடி காடாகும், குலை நிழலில் கிடக்கும். 110 ஆர் என்ற வேர்ச்செடி அடக்கமாக வளரும், ஒயினுக்கு அதுவே மேல்.


பீப்பாய்

தோட்டத்தைப் பற்றி இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள், நான் கொட்டகைக்குள் போகிறேன். குடும்பமாகத் தொடங்குபவர்கள் பணத்தைத் தப்பான இடத்தில் போடுவது இங்கேதான். ஓக் பீப்பாய்க்கும் புட்டி லேபிளுக்கும் போகும் பணம் குளிரூட்டிக்குப் போக வேண்டும்.

கணக்கு இது. ஒரு பிரிக்ஸ் சர்க்கரை நொதிக்கும்போது வெப்பம் வெளியேறாவிட்டால் சாறு ஏறத்தாழ 1.3 டிகிரி சூடாகும். 24 பிரிக்ஸ் என்றால் 30 டிகிரிக்கு மேல். மார்ச் மாதம் 26 டிகிரியில் தொட்டிக்குள் போன திராட்சை பாதி வழியிலேயே 38-ஐத் தொட்டுவிடும், ஈஸ்ட் செத்துப்போகும். மீதிச் சர்க்கரையை பாக்டீரியா எடுத்துக்கொண்டு வினிகர் வாடை கொடுக்கும். நின்றுபோன நொதிப்பை மறுபடி கிளப்புவது பெரும்பாடு. சிவப்புக்கு 24 முதல் 28 டிகிரி, வெள்ளைக்கு 14 முதல் 16. இதைப் பிடித்து வைக்க ஜாக்கெட் தொட்டி (குளிர்திரவம் ஓடும் இரட்டைச் சுவர்த் தொட்டி), கிளைக்கால் (glycol) என்ற உறையாத திரவத்தில் ஓடும் குளிரூட்டி, ஜெனரேட்டர் மூன்றும் வேண்டும். மின்சாரம் ஒரு இரவு போனால் ஓர் ஆண்டு உழைப்பு போகும். விடியலுக்கு முன் அறுத்து வெயிலுக்கு முன் கொட்டகைக்குக் கொண்டுவருவதும் இதே காரணத்துக்குத்தான், அதற்குச் செலவும் கிடையாது.

தொட்டி அளவு: காம்பு நீக்கி நசுக்கிய 5 டன் சிவப்புத் திராட்சைக்கு 6,500 லிட்டர் தொட்டி. தோலெல்லாம் மேலே மிதந்து தொப்பியாக எழும்பும், கால்வாசி இடம் காலியாக இல்லாவிட்டால் தரையில் வழியும். அந்தத் தொப்பியை நாளுக்கு இரண்டு மூன்று முறை கீழே அமுக்க வேண்டும். காயவிட்டால் முதலில் அசிட்டிக் பாக்டீரியா குடியேறுவது அங்கேதான்.

நசுக்கியவுடன் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட். அதில் ஏறத்தாழ 57 சதவீதம் சல்பர் டை ஆக்சைடு. 100 லிட்டருக்கு 8 கிராம் போட்டால் லிட்டருக்கு 45 மில்லிகிராம் கிடைக்கும், நல்ல பழத்துக்கு அது போதும். ஈஸ்ட் 100 லிட்டருக்கு 20 முதல் 25 கிராம். அதை நேரடியாகக் கொட்டக் கூடாது. பத்து மடங்கு தண்ணீரில், 35 முதல் 40 டிகிரியில், 20 நிமிடம் ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாறு சேர்த்துக் குளிரவைத்து ஊற்ற வேண்டும். சாற்றுக்கும் ஈஸ்ட் கரைசலுக்கும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பாதி ஈஸ்ட் அங்கேயே போய்விடும்.

பி.எச். பற்றி கவாத்துக்கத்தி சொன்னதன் விலை கொட்டகையில்தான் தெரியும். பி.எச். 3.4 உள்ள ஒயினைக் காக்க லிட்டருக்கு 32 மில்லிகிராம் தனிநிலை சல்பர் டை ஆக்சைடு போதும். 3.8 ஆனால் அதே பாதுகாப்புக்கு 79 வேண்டும். அவ்வளவு போட்டால் மூக்கைத் துளைக்கும், போடாவிட்டால் பிரெட்டனோமைசிஸ் என்ற ஒயினைக் கெடுக்கும் ஈஸ்ட் வந்து குதிரை லாயம் மணக்கும். டார்டாரிக் அமிலம் லிட்டருக்கு 1 கிராம் சேர்த்தால் பி.எச். ஏறத்தாழ 0.1 இறங்கும். சேர்ப்பதானால் நொதிப்புக்கு முன்னால் சேருங்கள். 3.9-லிருந்து 3.5-க்கு அமிலத்தை வைத்தே இழுக்கப் பார்ப்பவர்கள் புளித்த மோர் மாதிரி ஒயின் செய்கிறார்கள். அது தோட்டத்தில் தீர்க்க வேண்டிய பிரச்சினை.

ஒரு சின்ன எச்சரிக்கை. நொதிப்பு தொடங்கிய பிறகு ரிஃப்ராக்டோமீட்டரை (ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரை காட்டும் கருவி) நம்பாதீர்கள், ஆல்கஹால் கலந்தால் அது காட்டும் எண் பொய். சாற்றின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டர் 0.995-க்குக் கீழே இறங்கி, மூன்று நாள் அசையாமல் நின்றால்தான் முடிந்தது. மாலோலாக்டிக் நொதிப்பும் (மாலிக் அமிலத்தை பாக்டீரியா லாக்டிக் அமிலமாக்குவது) முடிந்ததா என்று குரோமட்டோகிராபி தாளில் பார்க்காமல் புட்டியில் அடைத்தால், அது புட்டிக்குள் நடந்து கார்க்கைத் தள்ளும்.


வைகைக்கரை

நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. இரண்டு துணைக் கேள்விகள். கம்பத்தில் அடிச்சாம்பல் நோய்க்கு போர்டோ கலவை அடிப்பது வழக்கம். அறுவடை வரை அடித்தால் ஒயினுக்குப் பாதிப்பு உண்டா? இன்னொன்று, முதலில் இருக்கிற பன்னீரிலேயே 100 கிலோ எடுத்து வீட்டில் சோதித்துப் பார்க்கலாமா?


கவாத்துக்கத்தி

போர்டோ கலவை 1 சதவீதம்: மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். இரண்டையும் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும். இரும்புக் கத்தியை நனைத்துப் பாருங்கள், செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இலை கருகும். இதெல்லாம் உங்கள் ஆட்களுக்குத் தெரிந்ததே. புதிதாகத் தெரிய வேண்டியது நிறுத்தும் நாள். செம்பும் நனையும் கந்தகமும் அறுவடைக்கு முந்தைய ஐந்தாறு வாரத்தில் வேண்டாம். பழத்தோலில் தங்கிய கந்தகத்தை ஈஸ்ட் ஹைட்ரஜன் சல்பைடாக்கி அழுகின முட்டை நாற்றம் கொடுக்கும், செம்பு மிஞ்சினால் நொதிப்பே தடுமாறும். எனவே நோயை முன்கூட்டியே அடக்க வேண்டும்: கவாத்து முடிந்து குருத்து மூன்று இலை விட்டதிலிருந்து பூக்கும் வரை கவனம் முழுதும் அங்கே.

இரண்டாவது கவாத்துக்குப் பிறகு மொட்டைத் துளிர்க்கத் தூண்டும் ஹைட்ரஜன் சயனமைடு தடவுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 50 சதவீத மருந்து லிட்டருக்கு 30 மில்லி, கவாத்து முடிந்த 48 மணி நேரத்துக்குள், துளிர்க்க வேண்டிய மொட்டுகளில் மட்டும். மொட்டுகள் ஒன்றாகத் துளிர்த்தால்தான் குலைகள் ஒன்றாகப் பழுக்கும். கையுறை கட்டாயம். தடவுபவர் அன்றும் அதற்கு முந்தைய, அடுத்த நாட்களிலும் மது தொடவே கூடாது. சயனமைடு உடம்பில் ஆல்கஹால் சிதைவதைத் தடுக்கும். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ஆபத்தில் முடியும். ஒயின் தோட்டத்தில் இதைச் சொல்லி வைப்பது மேஸ்திரியின் முதல் வேலை.


கணக்குப்பிள்ளை

100 கிலோ சோதனை வேண்டாம். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் ஒரு குடம் ஊறப்போட்டாலும் மதுவிலக்குச் சட்டத்தில் குற்றம்தான், வீட்டுக்கு என்றாலும் சரி.

உரிமம் இல்லாமலே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு, அதுவே அதிகம் சொல்லும். செவ்வல்மண் சொன்ன அந்த ஒரு ஏக்கரில், பழம் நிறம் மாறத் தொடங்கியதிலிருந்து வாரம் ஒருமுறை 100 பழம் பறியுங்கள்: வெவ்வேறு கொடி, குலையின் மேல், நடு, அடி, இரண்டு பக்கமும். பிழிந்து பிரிக்ஸ், பி.எச்., மொத்த அமிலம் மூன்றையும் குறியுங்கள். பிரிக்ஸை 0.55-ஆல் பெருக்கினால் வரக்கூடிய ஆல்கஹால் சதவீதம். 16 பிரிக்ஸில் 9-க்குள், அந்த ஒயின் கெடாமல் நிற்காது. 20-ஐத் தாண்டும்போது பி.எச். 3.6-க்குள் இருந்தால் பன்னீரில் மணமுள்ள ரோஸ் வகைக்கு வழி இருக்கிறது. பன்னீர் என்பது மஸ்கட் ஹாம்பர்க்தான், அதன் பலம் வாசனை. அடர்சிவப்பு ஒயினை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. மூன்று கோடை அறுப்புக்கு இந்த நோட்டு இருந்தால், ஆனைமலையான்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்திலும் புனே அருகே மாஞ்சரியில் இருக்கும் தேசிய மையத்திலும் பேசுவதற்குக் கையில் எண் இருக்கும்.

ஐந்து ஏக்கரும் மாறினால்: 25 டன், டன்னுக்கு 650 லிட்டர், மொத்தம் 16,250 லிட்டர், 750 மில்லி புட்டியில் ஏறத்தாழ 21,600. விற்பனை பற்றி இழைக்காரர் கேட்கவில்லை என்றாலும் குரோவர் விஷயத்தில் அதை விட்டுவிட்டு வரலாறு சொல்ல முடியாது. 1988-ல் கர்நாடகத்தில் ஒயினுக்கென்று தனிக் கொள்கை இல்லை. மகாராஷ்டிராவின் திராட்சைப் பதப்படுத்தல் கொள்கை 2001-ல், கர்நாடகத்தின் ஒயின் கொள்கை 2007-ல். ஆயத்தீர்வை மாநிலங்களின் கையில் இருப்பதால் ஒவ்வொரு மாநிலத்திலும் லேபிள் பதிவு, அனுமதி, வரி தனித்தனி. 40 ஏக்கரில் தொடங்கியவர்களால் அதைத் தாங்க முடிந்தது. அப்படியும் 2012-ல் நாசிக்கின் வேலே தெ வான் நிறுவனத்தோடு இணைந்து குரோவர் ஸம்பா ஆனார்கள். டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் பெயரில் வரும் ஒயின் அதற்குப் பிந்தையது.

ஐந்து ஏக்கர்க்காரருக்கு ஒரு யோசனை: கொட்டகை கட்டாமல், உரிமம் உள்ள ஒயினரிக்குப் பழம் கொடுக்கும் ஒப்பந்தம். விலை கிலோக் கணக்கில் மட்டும் இல்லாமல் பிரிக்ஸ் படிநிலையில் எழுதப்பட வேண்டும், எடை போடும் இடமும் நேரமும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். காலையில் அறுத்த பழம் மதியம் வரை லாரியில் நின்றால் எடை குறையும், குறைவது உங்கள் கணக்கில்.


செவ்வல்மண்

ஒப்பந்தம் போடுவதானால் எந்தப் பிரிக்ஸுக்கு மேல் அபராதம் என்பதையும் பாருங்கள். 25-க்கு மேல் பழம் சுருங்கி அமிலம் போயிருக்கும் என்று சில ஒயினரிகள் விலையைக் குறைக்கும். அறுக்கும் நாளைச் சொல்லும் பொறுப்பு அவர்களிடம் இருந்தால், தாமதமான நாளுக்கு எடை இழப்பையும் அவர்களே ஏற்கும்படி எழுதிக்கொள்ளுங்கள்.